இறாற்பண்ணைக் கழிவுநீரும் அல்காப் பொன்னும்

சிலாபத்துக்கு வடக்கே கரையோரமாகச் செல்லும் ஒருவர் ஒரே நாளில் இரு காட்சிகளைக் காணலாம். முதலாவது, இறாற் குஞ்சு பொரிப்பகம் ஒன்றின் உள்ளறை. அங்கே கண்ணாடிக் கலங்களிலும் நெகிழித் தொட்டிகளிலும் கபில நிறமான நீர் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். கீற்றோசெரோஸ், ஸ்கெலற்றோனீமா முதலிய தயற்றங்கள் அந்நீரில் வளர்க்கப்படுகின்றன. இறாற் குடம்பியின் முதல் உணவு அவையே. அவற்றை வளர்ப்பதற்கு நைத்திரேற்று, பொசுபேற்று, சிலிக்கேற்று, விற்றமின் ஆகியவற்றை விலைகொடுத்து வாங்கி, தராசிலே நிறுத்துக் கலக்கின்றார்கள். இரண்டாவது காட்சி சில மைல்களுக்கு அப்பால், அதே இறால் வளர்ந்து பெருத்த குளத்தின் மதகடியில் காணப்படுவது. அறுவடைக்காக மதகு திறக்கப்படுகின்றது. விலைகொடுத்து வாங்கிய அதே நைதரசனும் பொசுபரசும் அங்கே பச்சை கலந்த சேற்றுநீராகக் கால்வாயிற் பாய்கின்றன. ஒரே கைத்தொழில், ஒரு கையாற் காசு கொடுத்து வாங்குவதை மறுகையால் ஊரார் நீரிற் கொட்டுகின்றது.

இம்முரண்பாட்டிலிருந்துதான் ஒரு சுலோகம் பிறந்தது. கழிவுநீரில் நுண்ணல்காவை வளர்த்தால் நீர் தூய்மையாகும். வளர்ந்த அல்கா எண்ணெயாகும், தீவனமாகும், உரமாகும், நிறப்பொருளாகும். கழிவு செல்வமாகும் என்பது அது. எமது விஞ்ஞான பீடங்களின் கருத்தரங்குகளில் இதனைக் கேளாதார் இலர். இச்சுலோகத்தின் முற்பாதியோடு எனக்கு வழக்கில்லை, அது விஞ்ஞானம். பிற்பாதியோடுதான் வழக்கு. இலாபம் வரும் என்று சொல்லிச் சொல்லியே அல்காவை நாம் கெடுத்துவிட்டோம் என்பது என் குற்றச்சாட்டு. பண்ணையாளனுக்கு அது வருமானமாகக் காட்டப்படும் வரை, வருமானம் தென்படும் நாளுக்காக அவன் காத்திருப்பான். அந்நாள் வராது. நீரும் அவ்வாறே ஓடிக்கொண்டிருக்கும். அல்காக் குளம் என்பது இறால் வளர்ப்போர் இறுக்கவேண்டிய செலவு. தீவனச் செலவு, மின்சாரச் செலவு போன்று அதுவும் ஒன்று. அதனைச் செலவாகக் கேட்கும் துணிவு வேண்டும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரவர்கள் இதனைப் பாசி என்பார்கள். பாடநூல் அல்கா என்கின்றது. கல்லில் வழுக்கும் பாசியையும், கண்ணுக்குத் தனித்தனியே தெரியாது நீர் முழுவதையும் பச்சையாக்கும் ஒருகல உயிரியையும் வேறுபடுத்தவேண்டியிருப்பதாலேயே பாடநூற் சொல்லை இங்கு ஆளுகின்றேன். ஆயினும் ‘குளம் பாசி பிடித்துவிட்டது’ என்று மூதாட்டி ஒருத்தி முகஞ்சுளிப்பதில், நாம் கருத்தரங்கிற் காட்டும் படங்களில் இல்லாத ஓர் உண்மை உண்டு. அதனைப் பின்னர் பார்ப்போம்.

புத்தளத்து நிலைமையை அறியாதார்க்காகச் சிறிது கூறவேண்டும். சிலாபக் களப்பு, முந்தல் ஏரி, புத்தளக் களப்பு ஆகிய மூன்றையும் ஒல்லாந்தர் கால்வாய் இணைக்கின்றது. மக்கள் அதனை டச்சுக் கால்வாய் என்பர். 1980களில் இறால் வளர்ப்பு இங்கு பரவியபோது, கண்டல் நிலங்களும் சதுப்புகளும் குளங்களாக வெட்டப்பட்டன. அவற்றுட் கணிசமானவை உரிய அனுமதியின்றி வெட்டப்பட்டவை. பண்ணைகள் தமக்கு வேண்டிய நீரை எடுத்ததும் இக்கால்வாய்த் தொகுதியிலிருந்துதான். கழித்த நீரை விட்டதும் இதனுள்ளேதான். மந்தகதியில் அசையும் நீர் அது. ஆகவே ஒரு பண்ணையின் கழிவு மற்றப் பண்ணையின் வரவாயிற்று. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது குளத்திலிருந்து குளத்துக்குப் பரவுவதற்குத் தனியே வழி தேடவேண்டியிருக்கவில்லை. வழியை நாமே வெட்டி வைத்திருந்தோம். 1998இல் நோய் மீண்டும் வந்தது. கடன்பட்டுக் குளம் வெட்டிய சிறு பண்ணையாளர் பலர் அத்தோடு எழவில்லை. குளம் எதுவும் வெட்டாது, வலை ஒன்றையே நம்பியிருந்த களப்பு மீனவனோ அதற்கு முன்னரே இழக்கத் தொடங்கிவிட்டான். அவனுடைய இழப்பு எந்த ஏற்றுமதிக் கணக்கிலும் எழுதப்படவில்லை. உடப்பிலும் முந்தலிலும் இருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்துள்ள மாணவர்களுக்கு இது நான் சொல்லித் தெரியவேண்டியதன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கின்றிச் செய்யும் கண்டனம் வெறும் வசையாகும். ஒரு தொன் இறாலை வளர்ப்பதற்கு ஒன்றரைத் தொன் தீவனம் இடப்படுவதாகக் கொள்வோம். தீவனத்தில் நூற்றுக்கு 40 பங்கு புரதம். புரதத்தின் நிறையை 6.25ஆல் வகுத்தால் நைதரசன் கிடைக்கும். அதாவது 600 கிலோகிராம் புரதத்தில் 96 கிலோகிராம் நைதரசன். அறுவடையாகும் ஒரு தொன் இறாலின் உடலில் இருப்பது ஏறக்குறைய 30 கிலோகிராம். எஞ்சிய 66 கிலோகிராம் குளத்திலேயே விடப்படுகின்றது. தின்னாத தீவனம், மலம், செவுள்வழி வெளியேறிய அமோனியா என்பன அதன் வடிவங்கள். இதிற் பாதி அடியிற் படிந்தோ வளியிற் கலந்தோ போகின்றதென வைத்துக்கொண்டாலும், 33 கிலோகிராம் நீரோடு வெளியேறும். அல்காவின் உலர்நிறையில் நூற்றுக்கு 7 பங்கு நைதரசன் எனக் கொண்டால், இந்த 33 கிலோகிராமைக் கொண்டு ஏறத்தாழ 470 கிலோகிராம் உலர் அல்காவை வளர்க்கலாம். ஒரு தொன் இறாலுக்கு அரைத் தொன் அல்கா! அல்காப் பொன் பேசுவோர் திரையிற் காட்டும் எண் இதுதான். எண்ணிற் பிழையில்லை.

அவர்கள் காட்டாத எண் அடுத்தது. பண்ணைக் கழிவுநீர் நகரச் சாக்கடை போலச் செறிந்ததன்று; அது ஐதானது. நீரைத் தாராளமாக மாற்றும் பண்ணையொன்றின் கழிவில் ஒரு லீற்றருக்கு 2.5 மில்லிகிராம் நைதரசன் இருப்பதாகக் கொள்வோம். அது முழுவதையும் அல்கா உறிஞ்சிக்கொண்டாலும் ஒரு லீற்றரில் விளைவது 36 மில்லிகிராம் உலர் அல்காவே. அப்படியாயின் ஒரு கிலோகிராம் அல்காவைப் பெற ஏறத்தாழ 28,000 லீற்றர் நீரை வடிக்கவேண்டும். வணிக நோக்கில் அல்கா வளர்க்கும் திறந்த ஓடைக்குளங்களில் ஒரு லீற்றருக்கு அரைக் கிராம் அளவு விளைகின்றது. அங்கே 2,000 லீற்றர் போதும். அவ்வாறிருந்தும் நீரிலிருந்து அல்காவைப் பிரித்தெடுப்பதே அத்தொழிலின் பெருஞ்செலவுகளுள் ஒன்றாக இருக்கின்றது. அல்காக் கலத்தின் பருமன் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கை அலகாகக் கொண்டால் இரண்டு முதல் இருபது வரைதான். வலையில் நிற்காது, எளிதில் அடையாது. மையநீக்கியில் இட்டுச் சுழற்றலாம். 28,000 லீற்றர் நீரை மையநீக்கியிற் சுழற்றி ஒரு கிலோகிராம் தூள் எடுப்பவன் அதனை என்ன விலைக்கு விற்பான்? எண்ணெய் எடுப்பதற்கா? அந்த மின்சாரத்துக்கு எரித்த எண்ணெயைக்கூட அவன் மீளப் பெறமாட்டான்.

‘பிரித்தெடுக்க வேண்டாம், அல்கா வளர்ந்தாலே நீர் தூய்மைதானே’ என்று ஒருவர் கூறக்கூடும். இங்கேதான் மூதாட்டியின் முகச்சுளிப்பு வருகின்றது. அல்கா நைதரசனை அழிப்பதில்லை. தன் உடலுள் வைத்திருக்கின்றது, அவ்வளவே. அகற்றாத அல்கா இறக்கும். இறந்தால் பற்றீரியா அதனைச் சிதைக்கும். வைத்திருந்த அமோனியா நீருக்கே திரும்பும். உயிரோடிருக்கும்போதும் அது பகலில் மாத்திரமே ஒட்சிசன் தருவது. இரவிலே ஒளித்தொகுப்பு இல்லை, சுவாசம் உண்டு. நன்கு பச்சைபிடித்த நீரில் விடியற்காலை ஒட்சிசன் எவ்வளவு தாழ்கின்றதென்பதைக் குளக்கரையிற் படுத்துறங்கும் காவற்காரன் அறிவான். மேலே வந்து வாய்திறக்கும் மீனைப் பார்த்தே அறிவான். இன்னொன்றும் உண்டு. நண்பகலில் அல்கா காபனீரொட்சைட்டை உறிஞ்ச உறிஞ்ச நீரின் பி.எச். பெறுமானம் ஏறுகின்றது. பி.எச். 8 அளவில் அமோனியாவின் சிறுபகுதியே நச்சு வடிவில் இருக்கும். 9.2 அளவை அண்மிக்கும்போது ஏறக்குறையப் பாதி அவ்வடிவத்துக்கு மாறிவிடுகின்றது. ஆகவே அறுவடை செய்யாத அல்காக் குளத்தைத் தூய்மையாக்கும் குளம் என்று அழைத்தலாகாது. கழிவு அங்கே நிறம் மாறியிருக்கின்றது.

இவையெல்லாம் புதிய கண்டுபிடிப்புகளல்ல. பாடநூலில் உள்ளவை. அப்படியிருக்க எமது ஆய்வேடுகள் எதனைக் கூறுகின்றன? நூலகத்தின் ஆய்வேட்டு அடுக்கிலிருந்து எதனையும் எடுத்துப் பாருங்கள். அமைப்பு ஒன்றாகவே இருக்கும். பண்ணையிலிருந்து ஒரு நெகிழிக்கலத்தில் நீர் கொணரப்படும். அது வடிக்கப்படும், நீராவியாற் கிருமியழிக்கப்படும். கூம்புக் குடுவைகளிலே தூய குளோரெல்லாவோ நனோகுளோரொப்சிஸோ இடப்பட்டு, வெண்ணொளியின் கீழ், காற்றுக் குமிழியோடு பத்துப் பன்னிரண்டு நாள் வைக்கப்படும். இறுதியில் நைதரசன் நூற்றுக்கு இத்தனை பங்கு அகற்றப்பட்டது என்று ஒரு வரைபு. அடுத்த பக்கத்தில், இம்முறை இறாற் கைத்தொழிலுக்குப் பெரிதும் பயன்படும் என்றொரு வாக்கியம். நானும் அவ்வாறு எழுதியவன்தான். ஆதலால் எவரையும் நோவதற்காக இதனைக் கூறவில்லை. என் குடுவையில் நீர் தெளிந்தது உண்மை. அந்த நைதரசனில் எவ்வளவு அல்காவின் உடலுட் சென்றது, எவ்வளவு உயர்ந்த பி.எச். காரணமாக அமோனியாவாய் ஆய்வுகூடத்து வளியிற் கலந்தது என்று நான் அளக்கவில்லை. பொசுபரசிலும் அவ்வாறே, கல்சியத்தோடு சேர்ந்து குடுவையின் அடியில் வெண்படிவாய் இறங்கியதையும் அல்கா உண்டதாகவே கணக்கெழுதினேன். பரீட்சகர் கேட்கவில்லை. புள்ளி கிடைத்தது.

கிருமியழித்த நீரில் தனியொரு இனம் வளர்வதும், திறந்த குளத்தில் வளர்வதும் வேறு. திறந்த குளத்தில் ரொற்றிபர் போன்ற நுண்விலங்குகள் புகுந்து சில நாளில் அல்காவை மேய்ந்து தீர்த்துவிடும். வேண்டாத இனம் வந்து வேண்டிய இனத்தை ஒதுக்கும். மழை ஒரு கிழமை பெய்தால் உவர்த்தன்மை மாறி இருந்ததும் போகும். 1970களில் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் நிறுவனத்தில் ஜோன் றைதரும் அவர்தம் குழுவினரும் சுத்திகரித்த நகரக் கழிவுநீரைக் கடல்நீரோடு கலந்து அல்கா வளர்த்து, அதனைச் சிப்பிக்கு ஊட்டி, சிப்பி கழித்ததைக் கடற்சாதாழைக்கு ஊட்டும் தொடர் ஒன்றை அமைத்தார்கள். அழகான சிந்தனை. ஆயினும் தொட்டியில் ஓங்கிய அல்கா அவர்கள் விரும்பிய இனமாக இருக்கவில்லை. இயற்கை தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டது. அவர்கள் அதனை மறைக்காது எழுதினார்கள். எமது ஆய்வேடுகளில் தோல்வியடைந்த குடுவை ஒன்றையேனும் நான் கண்டதில்லை.

பொன் தேடியவர்கள் கதையையும் சுருக்கமாகக் கூறிவிடலாம். அமெரிக்க அரசாங்கம் 1978இலிருந்து 1996வரை அல்காவிலிருந்து எரிபொருள் எடுக்கும் திட்டமொன்றை நடத்தி, கட்டுபடியாகாமையால் நிறுத்தியது. எக்சன் மொபில் கம்பனி 2009இல் பெரும் முதலோடு இதே முயற்சியில் இறங்கி 2023இல் விலகியது. அவர்களிடம் இல்லாத எந்தச் சூத்திரம் முந்தலில் ஓர் ஏக்கர் குளம் வைத்திருப்பவனிடம் இருக்கின்றது என்பதை அல்காப் பொன் பேசுவோர் விளக்கவேண்டும்.

அவ்வாறாயின் அல்காவைக் கைவிடுவதா? இல்லை. அல்கா நீரைத் துப்புரவாக்கும் என்பதைப் பெருமளவிற் செய்து காட்டியவர்கள் இருக்கின்றார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஒஸ்வால்ட் 1950களிலேயே ஆழங்குறைந்த அல்காக் குளங்களைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக வகுத்தார். எமக்கு அண்மையில், கல்கத்தாவின் கிழக்குச் சதுப்புநிலங்களில் நகரின் சாக்கடைநீர் ஆழமற்ற மீன்குளங்களுக்குத் திருப்பப்படுகின்றது. ஏறத்தாழ 12,500 ஹெக்டேயர் பரப்புள்ள அந்நிலப்பகுதி 2002இல் ராம்சார் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. வெயில் படுகின்றது, அல்கா பெருகுகின்றது, கெண்டையினமும் திலாப்பியாவும் அதனைத் தின்று சந்தைக்குப் போகின்றன. அங்கே அல்காவை எவரும் அறுவடை செய்வதில்லை. மீன் அறுவடை செய்கின்றது. அல்கா எண்ணெய் பற்றியோ நிறப்பொருள் பற்றியோ அந்த மீனவர்கள் பேசியதில்லை. எந்த அளவுக்கு மீனை விட்டால் நீர் கெடாது என்பதை, நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அறிந்தவர்கள் அவர்கள்.

புத்தளத்துக்கும் வழி அதுவே என்பது என் துணிபு. கழிவுநீர் முதலில் ஓர் அடையற் குளத்தில் தங்கவேண்டும். தீவனத்தின் கணிசமான பகுதி சேறாக அங்கேயே நிற்கும். அச்சேற்றை வாரி அகற்றுதல் வேண்டும். அடுத்தது ஆழங்குறைந்த அல்காக் குளம். அதற்கடுத்தது அல்காவைத் தின்னும் உயிர்களின் குளம். திலாப்பியாவும் பாலைமீனும் இந்நீரில் வாழக்கூடியவை. சிப்பியோ புத்தளக் களப்பில் எவரும் கொண்டுவந்து விடாமலே வளர்கின்றது. மையநீக்கி செய்யவேண்டிய வேலையைச் சிப்பி மின்சாரமின்றிச் செய்யும். இதிற் பெருஞ்செல்வம் வராது. கொஞ்சம் மீன் வரும். ஆனாற் கால்வாய்க்குப் போகும் நீர் வேறாக இருக்கும்.

செலவையும் மறைக்காது சொல்கின்றேன். ஒரு ஹெக்டேயர் குளம் 120 நாளில் 4 தொன் இறால் தருமாயின், மேற்காட்டிய கணக்கின்படி நாளொன்றுக்கு 1.1 கிலோகிராம் நைதரசன் நீரோடு வெளியேறும். சதுர மீற்றருக்கு நாளுக்கு 15 கிராம் அல்கா விளையும் நல்ல குளத்துக்கு இதனை உறிஞ்சக் குளப்பரப்பிற் பத்திலொரு பங்கு போதும். ஆயின் நீர் தாராளமாக மாற்றப்படும் பண்ணையில், அவ்வைதான நீர் இரண்டு நாளேனும் தங்கவேண்டுமாதலால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வேண்டிவரும். எனவே நீரை வீணே மாற்றுபவன் கூடிய நிலத்தை இழப்பான். சிக்கனமாக மாற்றுபவன் குறைவாக இழப்பான். இந்தத் தண்டனை நியாயமானது.

சட்டம் இத்தண்டனையை விதிப்பதில்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடற் சட்டத்தின் கீழ் கழிவுநீருக்கான வரம்புகள் ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்றே வகுக்கப்படுகின்றன. தொழிற்சாலைக் குழாய்க்கு அது பொருந்தலாம். பம்பியை இன்னும் இரண்டு மணிநேரம் ஓடவிட்டு நீரைக் கலந்துவிட்டால், இறாற்பண்ணை எந்த மில்லிகிராம் வரம்பையும் தாண்டாது. களப்போ செறிவை உண்பதில்லை, மொத்தத்தையே உண்கின்றது. ஐதாக்கி விட்டாலும் அந்த 33 கிலோகிராமும் 33 கிலோகிராமே. ஆகவே ஒரு தொன் இறாலுக்கு இத்தனை கிலோகிராம் நைதரசனுக்கு மேல் வெளிவிடலாகாது என்று வரம்பு வகுக்கப்படல் வேண்டும். தீவனப் பற்றுச்சீட்டும் இறால் விற்ற சீட்டும் இருந்தால், கணக்கைப் பாடசாலை மாணவனே செய்துவிடுவான். வரம்பு அவ்வாறு அமைந்தால், அல்காவைப் பற்றிப் பண்ணையாளனுக்கு எவரும் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை, அவனே தேடிவருவான்.

இதற்கு மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கின்றேன். நோய் என்பது முதலாவது. கழிவுநீரில் வளர்த்ததை மீண்டும் இறாலுக்கு ஊட்டுவதோ பொரிப்பகத்துக்குக் கொண்டுசெல்வதோ ஆபத்தென்பதை ஒப்புகின்றேன். கட்டுரையின் தொடக்கத்திற் காட்டிய முரண்பாடு அவ்வழியிற் தீராது. ஆனால் வெண்புள்ளி இறால், நண்டு முதலியவற்றின் நோய், மீனின் நோயன்று. அறுவடை மீனாக வெளியேறுவதற்கு அது தடையாகாது. மற்றது, சிறு பண்ணையாளன் இதனைத் தாங்கமாட்டான் என்பது. தனியே தாங்கமாட்டான்தான். ஆனால் நோய்க்குப் பின்னர் வலயம் வலயமாகப் பிரித்து, எவ்வலயம் எக்காலத்திற் குஞ்சு விடுவது என்று நாட்காட்டி வகுத்து, பண்ணையாளர் சங்கங்கள் வழியாக நடைமுறைப்படுத்துகின்றார்கள். குஞ்சு விடும் நாளைப் பொதுவில் தீர்மானிக்கக்கூடியவர்கள் கழிவுநீர்க் குளத்தைப் பொதுவில் வெட்ட முடியாதென்பதை நான் ஏற்கமாட்டேன். 1980களில் மட்டக்களப்பிலும் தொடங்கிப் போரினாற் கைவிடப்பட்ட இறால் வளர்ப்பை மீண்டும் அங்கு கொண்டுசெல்ல விரும்புவோரும், குளத்துக்கு முன் கழிவுக்குளத்தை வெட்டட்டும், வாவி ஒன்றுதான்.

மூன்றாவது மறுப்பு நிலம். குளப்பரப்பிற் பத்திலொரு பங்குக்கோ மூன்றிலொரு பங்குக்கோ எங்கே நிலம் என்று கேட்கின்றார்கள். கேட்பவரை ஒருநாள் முந்தல் ஏரியின் கரைக்கு அழைத்துச் செல்லவேண்டும். நோய்க்குப் பின் விட்டுப்போன குளங்களின் வரம்புகள் இன்னும் அங்கே நிற்கின்றன. உள்ளே உப்புப் பூத்த தரை. மழை பெய்தால் முழங்காலளவு நீர். அல்காக் குளத்துக்கு வேண்டிய ஆழம் அவ்வளவுதான். மதகுகூட இருக்கின்றது, பலகைதான் இல்லை.